காரணம் அறியாத சிறுநீரக நோயும் காணாமற்போன மருத்துவப் பதிவுகளும்

மதவாச்சி, பதவியா போன்ற வடமத்திய மாகாண விவசாயப் பகுதிகளில் 1990களில் வெளித்தெரிய வந்த காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், மாகாண எல்லையுடன் நின்றுவிடவில்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட மக்களும் அதற்கு ஆளாகியுள்ளனர். குடிநீரின் புளோரைட்டு, பீடைகொல்லி, வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு எனக் காரணங்கள் பலவாறாகப் பேசப்படுகின்றன. ஆனால், இந்நோய்தான் என ஒருவருக்கு எவ்வாறு தீர்மானிப்பது என்ற முந்திய வினா போதிய கவனத்தைப் பெறவில்லை.

இதற்கெனத் தனியான பரிசோதனை எதுவும் கிடையாது. ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே இம்முடிவுக்கு வரவேண்டும். சுகாதார அமைச்சு 2009இல் வகுத்த அளவுகோலின்படி நீரிழிவு, கடுமையான உயர் குருதியமுக்கம், பாம்புக்கடி போன்றவற்றின் முன்வரலாறு நோயாளிக்கு இருத்தலாகாது. ஏட்டளவில் இது தெளிவானதே. ஆனால் கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. வன்னி வயல்களில் அதனிடம் கடிபடுவதோ புதினமல்ல. பல்லாண்டுகளுக்கு முன் கடிபட்ட விவசாயியை எதில் சேர்ப்பது? குருதியமுக்கத்தின் நிலையும் இதுவே. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகமும் அதனை உயர்த்தும். எது முந்தியது என்பதைப் பழைய பதிவுகளே கூறமுடியும்.

அப்பதிவுகள் எங்கே? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்டகாலத்தின் பின் மீளத்திரும்பிய முஸ்லிம் குடும்பங்களிடமும், 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களிடமும் கிளினிக் கொப்பியை எதிர்பார்ப்பது நியாயமாகுமா? உடுத்த உடையுடன் வந்தவர்கள் அவர்கள்.

பரிசோதனைகளும் ஏமாற்றக்கூடியவை. சிறுநீரகத் தொழிற்பாட்டின் ஏறத்தாழ அரைவாசி இழக்கப்படும்வரை குருதியிலுள்ள கிரியற்றினின் அளவு பெரிதாக உயராதிருக்கலாம். மறுபுறம், வயலிலிருந்து தாகத்துடன் வந்தவருக்கு அது தற்காலிகமாக உயர்ந்து காட்டலாம். சிறுநீரில் புரதத்தைத் தேடும் சாதாரண சோதனை, இந்நோயின் ஆரம்பக் கட்டத்தைத் தவறவிடக்கூடும். இதனாலேயே சிறுநீரக வைத்திய நிபுணர்களின் சங்கம் 2016இல் வகுத்த வரைவிலக்கணம், முதற் பரிசோதனையைச் சந்தேகமாக மாத்திரம் கொண்டு, மூன்று மாதங்களின் பின் மீள்பரிசோதனையை வலியுறுத்தியது.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறுகின்றது. நீரிழிவினால் சிறுநீரகம் பழுதடைந்தவர் 'எல்லாம் தண்ணீரால் வந்தது' என நம்பினால், சுத்திகரித்த நீரை வாங்கிக்கொண்டு சீனியைக் கட்டுப்படுத்தத் தவறிவிடுவார். உண்மையாகவே இந்நோய் கண்டவரோ, வெறும் பிரஷர் நோயாளியாகக் கணக்கிடப்பட்டு, மாவட்டப் புள்ளிவிபரத்திலிருந்து மறைந்துபோவார். அக்கணக்கின்படியே நீர்த்திட்டங்களும் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் பங்கிடப்படுகின்றன.

எனவே, நடமாடும் மருத்துவ முகாமில் ஒருமுறை குருதி எடுத்துவிட்டு வாகனம் திரும்பிச் செல்வது போதாது. மூன்று மாதங்களின் பின் அதே ஆட்களைத் தேடி மீண்டும் வருவதற்கும், இடப்பெயர்வு, பாம்புக்கடி, உட்கொண்ட மருந்துகள் என அவர்களின் வரலாற்றைத் தமிழிலேயே பொறுமையாகக் கேட்டுப் பதிவதற்கும் வடமாகாண சுகாதாரத் திணைக்களம் ஆளணி ஒதுக்கவேண்டும்.