இளவயதில் விறைக்கும் முதுகு

2001 மார்ச்சில் அஸ்கிரிய மைதானத்தில் இலங்கையும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் போட்டியைக் கண்டி வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய மைக் அதர்ட்டன், நெடுங்காலமாக முள்ளந்தண்டு நோயொன்றோடு விளையாடியவர். 1995இல் ஜொஹனஸ்பேர்க்கில் 643 நிமிடங்கள் நின்று, ஆட்டமிழக்காமல் 185 ஓட்டங்கள் எடுத்தவரும் அவரே. நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. அதன் அடையாளங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் இருபதுகளில், மெல்ல மெல்லத் தொடங்கும். பின்னிரவில் இடுப்பு வலி எழுப்பிவிடும். சுபஹுக்கு எழும்பினால் முதுகு பலகைபோல் விறைத்திருக்கும். ருகூவில் குனிய முடியாது. ஆனால் நடமாடத் தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். சாதாரண முதுகு வலி ஓய்வில் குறையும். இதுவோ ஓய்வில் கூடும், அசைவில் குறையும். இந்த ஒரு வேறுபாடே போதும், சந்தேகப்பட.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “மலைநாட்டுப் பனி” என்று எண்ணெய் பூசுகிறோம். பெண்ணாக இருந்தால், பிள்ளைப்பேற்றின்போது முதுகில் போட்ட ஊசியின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஆண்களுக்கே அதிகம் வருகிறது என்றாலும் பெண்களுக்கும் வருகிறது. அவர்களுடையதுதான் காலம் தாழ்த்திக் கண்டுபிடிக்கப்படுகிறது.

நோய் முதுகில் தெரிந்தாலும் அதன் வேர்களில் ஒன்று குடலில் இருக்கலாம் என்பதே வைத்திய உலகம் கண்டறிந்த வியப்பான செய்தி. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிப்பட்டது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதேயில்லை. அப்படியானால் வேறேதோ ஒன்று தூண்ட வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் இந்த மனித மரபணுவை எலிகளுக்குள் செலுத்தினார்கள். சாதாரணமாக வளர்ந்த எலிகளுக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி கண்டது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்தவற்றுக்கு, மரபணு இருந்தும், இரண்டும் வரவில்லை! இது 1994இல் வெளியான முடிவு. அதற்கு முன்பே பெல்ஜியத்தின் கென்ட் நகர வைத்தியர்கள், வயிற்றுக் கோளாறு எதுவும் சொல்லாத முதுகு நோயாளர்களின் குடலைக் குழாய் விட்டுப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டோரின் குடலில் மறைவான அழற்சி இருப்பதைக் கண்டிருந்தார்கள்.

நமது குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை விருந்தாளிகள், தீங்கு செய்யாதவை. குடற்சுவர் பலவீனப்பட்டு, அவற்றின் சமநிலையும் குலையும்போது, உடலின் பாதுகாப்புப் படை விழித்தெழுந்து அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. அந்தத் தீ, தசைநார்கள் எலும்போடு பொருந்தும் இடங்களில் போய்ப் பற்றுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கே புண்ணை ஆற்ற வந்த உடல் அளவு மீறிப் புது எலும்பைக் கட்டிவிடுகிறது. வருடங்கள் செல்ல, சிலருக்கு முள்ளந்தண்டு முழுவதும் மூங்கில்போல ஒரே தடியாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரிக்க மருந்தில்லை. அவசரம் அதனால்தான்.

வயிற்றுளைவுக்குப் பின் முழங்கால் வீங்குவதும் இதே குடும்பத்து நோய்தான். 1944இல் பின்லாந்தில் வயிற்றுளைவு பரவியபோது 344 பேருக்கு இப்படி மூட்டழற்சி வந்ததை வைத்தியர் பாரோனென் பதிவு செய்தார். பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும், சிலருக்கு நீடிக்கும்.

“அப்படியானால் சட்டித் தயிர் சாப்பிட்டால் போதுமா?” என்று கேட்பீர்கள். தயிர் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் தயிரோ, நல்ல பக்டீரியா என்று விற்கும் மாத்திரைகளோ இந்நோயைத் தடுத்ததாக நிரூபணமில்லை. பார்மசியில் தானாக அன்டிபயோடிக் வாங்கி விழுங்குவது அதைவிட மோசம்.

மூன்று மாதத்துக்கு மேல் இப்படி வலித்தால் கண்டி தேசிய வைத்தியசாலையில் வாத நோய் நிபுணரைக் காணுங்கள். காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அதற்கும் முன்பே செல்லுங்கள். முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம். அடிக்கடி வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், கண் சிவந்து வலித்தது எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். முதுகைக் காக்கும் புதிய ஊசிகளில் ஒரு வகை, குடல் அழற்சி உள்ளவருக்கு அதைக் கூட்டிவிடும். அது தெரிந்தால்தான் வைத்தியர் வேறொன்றைத் தேர்வார். தினசரி உடற்பயிற்சி மருந்துக்குச் சமம். சிகரெட்டை அறவே விட வேண்டும். அது எலும்பு ஒட்டுவதைத் துரிதப்படுத்துகிறது.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் முதுகை முறுக்கி நெட்டி எடுப்பதை மட்டும் இவர்கள் செய்யவே கூடாது. ஒட்டிய முள்ளந்தண்டு பார்வைக்குத்தான் உறுதி. சிறு அதிர்ச்சியிலும் உடைந்து, நரம்பை வெட்டிக் கால்களைச் செயலிழக்கச் செய்துவிடும்.