கரைந்தால் மட்டும் போதுமா?

இரத்தத்தின் சிவப்பும் இலையின் பச்சையும் ஒரே குடும்பம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். 'போர்பிரின்' என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். இரத்தச் சாயமான ஹீமினை 1929-இல் ஆராய்ச்சிசாலையில் செய்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹான்ஸ் ஃபிஷருக்கு மறு ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது.

1967-இல் ஆட்லர், லாங்கோ முதலியோர் ஒரு சுலப வழி சொன்னார்கள். பிர்ரோலையும் பென்சால்டிஹைடையும் புரோப்பியானிக் அமிலத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் ஊதாப் படிகங்கள் கிடைக்கும். நூற்றுக்குச் சுமார் 20 பங்குதான் தேறும். மற்றதில் பெரும்பகுதி கரிய தார். படிகமோ தண்ணீரில் கரையாது. கந்தக அமிலத்தில் சூடாக்கி, நான்கு மூலைகளிலும் சல்போனிக் தொகுதியை ஏற்றினால் கரையும்.

கரைந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் தவறு. உப்பும், அரைகுறையாக மாறியவையும் கூடவே கரைந்திருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது.

இது வீண் கவலையல்ல. போர்பிரின் மருந்தை ஏற்றி, ஒளி பாய்ச்சிப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை நடக்கிறது. 1995-இல் அமெரிக்கா அனுமதித்த 'போட்டோஃப்ரின்' பல பொருள்களின் கலவை. அதை ஏற்றிக்கொண்டவர் 30 நாளாவது வெயிலில் தலைகாட்டக் கூடாது. பொருள் ஒன்றாகவும் தூயதாகவும் இருந்தால்தான், நோயைக் கொல்வது எது, தோலைச் சுடுவது எது என்று பிரித்தறிய முடியும்.

ஆகவே, 'எத்தனை கிராம் வந்தது?' என்று மாணவரைக் கேட்பவர்கள், 'எவ்வளவு தூய்மை?' என்று முதலில் கேட்கட்டும். சுத்தம் சோறு போடும் என்பார்கள். ஆராய்ச்சிசாலையில் அது உயிரையும் காக்கும்.