மரத்துப் பாலுக்குக் கணக்கு உண்டு, தாய்ப்பாலுக்கு?



பால் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மரத்துப் பால்தான். விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, நிரை பிடித்து, மங்கு மங்காகச் சேர்த்து, வாளி சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருகிறோமே, அந்தப் பால். அதற்கு நிறுவை உண்டு, கணக்கு உண்டு, விலை உண்டு. ஒரு வாளி சிந்திவிட்டால் ஏன் சிந்தியது என்று கேட்க ஆளும் உண்டு.

தோட்டத்தில் இன்னொரு பாலும் உண்டு. பிள்ளை பெற்றவளின் மார்பில் ஊறுகின்ற பால். அதற்கு நிறுவை இல்லை. அது சட்டையை நனைத்து வீணாய்ப் போனாலும் கேட்பார் இல்லை. நாளடைவில் வற்றியே போனாலும் எந்தப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை. அந்தப் பாலைப் பற்றி இன்று நான் பேச வந்திருக்கிறேன். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்குப் பேசக் கடமை இருக்கிறது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கை இழுத்த கோடு

1980-களின் தொடக்கத்தில் நான் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தேன். பாலை நிறுத்து செக்ரோலில் எழுதுவது என் வேலை. அங்கே ஒரு பால்வெட்டுக்காரப் பெண். 60 நாள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். காலையில் மரம் வெட்டி முடித்ததும், பால் இறங்கக் காத்திருக்கும் நேரத்தில், ஆயாக் கொட்டகைக்கு நடப்பார். ஒரு மைல் தூரம். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி நிரைக்கு ஓடி, மங்குப் பாலைச் சேர்த்து ஸ்டோருக்கு வரும்போது மற்றவர்கள் எல்லாரும் நிறுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வாளியில் பால் திரிந்து கட்டத் தொடங்கியிருக்கும்.

கட்டியதைக் கட்டிப்பால் விலைக்குத்தான் எழுதவேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. எழுதினேன். ஒருநாள் இல்லை, பல நாள். “எழுதுங்க ஐயா, ஒங்க மேல குத்தமில்ல” என்றார் அந்த அம்மாள். இரண்டு வாரம் பார்த்தார். சம்பளம் குறைந்தது. பிறகு கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஆயாவிடம் டின் பாலைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்திற்குள் அவருக்குப் பால் வற்றிவிட்டது. அந்தப் பிள்ளை வயிற்றுப்போக்கில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படியோ பிழைத்து வந்தது.

உத்தரவு நிர்வாகத்தினுடையதுதான். கோடு இழுத்த கை என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

மரம் வேறு, தாய் வேறு

பால் மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் வெட்டினால் மரம் தாங்காது. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்று ஓய்வு கொடுக்கவேண்டும். பேராசைப்பட்டு வெட்டினால் பட்டை காய்ந்து, கோட்டில் பால் வராமலே நின்றுவிடும்.

தாயின் மார்பு இதற்கு நேர் மாறு. எடுக்க எடுக்கத்தான் அது ஊறும். “இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்” என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும். பிள்ளை சப்பும்போது அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளை புரோலாக்டின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகிறது. அது பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்னும் இன்னொன்று, உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கி நின்றால், “இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது” என்று உடம்பு தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. எட்டு மணி, ஒன்பது மணி நேரம் பால் எடுக்காமல் இருக்கும் தாய்க்குச் சில வாரங்களில் பால் குறைவது இதனால்தான். “எனக்கு ராசி இல்லை, பால் நின்றுவிட்டது” என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். ராசியின் குற்றம் இல்லை தாயே! உனக்கு நேரம் கொடுக்காதவர்களின் குற்றம்!

இன்னொன்றும் கவனியுங்கள். பயம், அவசரம், கோபம், வெட்கம் இருந்தால் ஆக்சிடோசின் தடைப்பட்டு, பால் இறங்கத் தாமதமாகும். மண்டோர் தூரத்தில் நின்று “சீக்கிரம்” என்று கத்துகிற இடத்தில் எந்தத் தாய்க்குப் பால் இறங்கும்?

வேலைக்குப் போகும் தாய் செய்யக்கூடியவை

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே கையால் பால் பீய்ச்சப் பழகிக்கொள்ளுங்கள். பம்ப் வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி பிடித்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அழுத்தி விடவேண்டும். தோலின்மேல் விரலைத் தேய்த்து இழுக்கக்கூடாது. காம்பை மட்டும் பிதுக்கினால் பால் வராது, வலிதான் வரும். இரண்டு மார்பிலும் மாறி மாறிச் செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும்.

புறப்படும் முன் ஒருமுறை பால் கொடுங்கள். திரும்பி வந்ததும் கைகால் கழுவி உடனே கொடுங்கள். வேலை நேரத்தில் ஏறக்குறைய மூன்று மணிக்கு ஒருமுறை பீய்ச்சி எடுங்கள். இரவில் பிள்ளை எழுந்தால் சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. லீவு நாளில் பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தால், வாரத்தில் குறைந்தது மறுபடி ஏறும்.

பீய்ச்சிய பால் கொஞ்சமாய்த் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சராசரியாக ஒரு நாளைக்கு 750 முதல் 800 மில்லி லிட்டர்தான் குடிக்கும். தாய் எட்டு மணி நேரம் வெளியே இருந்தால் ஏறக்குறைய 250 முதல் 350 மில்லி போதும். சுறாப்புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை என்று வீட்டில் சமைத்துப் போடுவதைத் தாராளமாய்ச் சாப்பிடுங்கள். பசியாற உண்பது தாய்க்கு நல்லது. பாலை எடுக்காமல் பதார்த்தம் மட்டும் சாப்பிட்டால் பால் பெருகாது.

எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வையுங்கள். 25 டிகிரி வரை உள்ள அறைச் சூட்டில் அது நான்கு மணி நேரம் இருக்கும். நம் ஊர் வெயில் அதற்கு மேலே போகிறது. ஆகவே ஐஸ் வைத்த பெட்டி நல்லது. அதில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். குளிர்ப்பெட்டியில் நான்கு நாள், உறைய வைத்தால் ஆறு மாதம். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவேண்டாம். ஆயாவோ பாட்டியோ சின்னக் கிண்ணத்தால் புகட்டலாம், கழுவுவதும் சுலபம். பிள்ளை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

வெட்டுக்காட்டில் அமோனியாவும், ஸ்டோரில் ஆசிட்டும், புல்லுக்கு அடிக்கும் மருந்தும் புழங்கும் கை நம் கை. நன்றாகக் கழுவாமல் மார்பையோ பிள்ளையையோ தொடக்கூடாது. மருந்து அடிக்கும் வேலையிலிருந்து மாற்றித் தரும்படி பால் கொடுக்கும் தாய் கேட்கவேண்டும்; சங்கக் காரியதரிசி அவளோடு போய் நிற்கவேண்டும். மார்பு சிவந்து, கட்டி, காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

எல்லாம் செய்தும் பால் போதாத தாய்மார் சிலர் உண்டு. நோயோ மருந்தோ காரணமாய் இருக்கலாம். அவர்களை யாரும் குறைசொல்ல வேண்டாம். மருத்துவர் சொன்னபடி, சொன்ன அளவில், கொதித்த நீரில் குழந்தைப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கட்டும்.

டின் பாலின் கதை

டின் பாலுக்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் உண்டு. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மாது 1936-இல் மலாயாவுக்கு வேலைக்கு வந்தார். தாய்ப்பாலை விட்டு, சர்க்கரை போட்ட டின் பாலில் வளர்ந்த குழந்தைகள் நோயுற்று மடிவதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் “பாலும் கொலையும்” என்ற தலைப்பிலே பேசினார். அந்தப் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வதைக் கொலைக்கு ஒப்பான காரியம் என்று கண்டித்தார். கேட்டிருந்தவர்கள் ஏழைகள் அல்லர். பட்டணத்துப் பெரிய மனிதர்கள். 42 ஆண்டுகள் கழித்து, 1981-இல்தான், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் சரக்குகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதிமுறையை உலகச் சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்டது.

விளம்பரத்தைக் கட்டுப்படுத்தினால் போதுமா? தாய் டின்னைத் தேடியது விளம்பரத்தைப் பார்த்து மட்டும்தானா? பிள்ளை ஓரிடம், நிரை ஓரிடம் என்று வைத்த ஏற்பாடும் அவளை அங்கே தள்ளியதே!

சட்டம் எங்கே நிற்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தொழிலாளர் போராடிப் பெற்ற நல்ல பலன், வரவேற்கிறோம். ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். 98 போக மீதி 82 நாள் அந்தப் பிள்ளை எதைக் குடிக்கும்? அதற்குச் சட்டத்தில் விடை இல்லை. வேலை நேரத்தில் பால் கொடுக்கவோ பீய்ச்சவோ இடைவேளை தரவேண்டும் என்று வேலைச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

இது புதுக் கோரிக்கையா? 1919-லேயே அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம், பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு அரைமணி நேரம் தரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் ஒப்பந்தம், அந்த இடைவேளையை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தரவேண்டும் என்கிறது. இந்தியாவின் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. வியட்நாமில், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு 60 நிமிஷம். பிலிப்பைன்ஸில் எட்டு மணி வேலைக்கு 40 நிமிஷத்துக்குக் குறையாமல். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஒரு வழி மட்டும் இப்போதே திறந்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்க, திருத்திய சட்டம் இடம் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். பிரசவ விடுமுறையின் தொடக்கத்திலேயே இந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள். கிராணிமார்களே, எழுதத் தெரியாத அக்காமாருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

நாம் கேட்கவேண்டியவை

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் நம் தலைவர்கள் இந்த ஐந்தையும் மேசைமேல் வைக்கவேண்டும்:

1. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, நாளுக்கு இரண்டு அரைமணி நேரம், சம்பளப் பிடித்தம் இல்லாமல்.

2. பால்வெட்டுத் தாய்க்கு ஆயாக் கொட்டகைக்கு அருகிலுள்ள நிரை. அவள் பிந்தி வந்தாலும் அவள் பாலுக்கு முழு விலை.

3. கதவும் தாழ்ப்பாளும் நாற்காலியும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஓர் அறை. கழிப்பறையைக் காட்டக்கூடாது.

4. பால் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி.

5. பால் கொடுக்கும் தாயை மருந்து அடிக்கும் வேலைக்கு அனுப்பாமல் இருத்தல்.

மூன்றாவதை ஏன் சேர்த்தேன்? என் மகள் பட்டணத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். 98 நாள் முடிந்து போனபோது, பால் எடுக்க இடம் கேட்டாள். கழிப்பறையைக் காட்டினார்கள். “அப்பா, அங்கே உட்கார்ந்து யாராவது சாப்பிடுவார்களா? என் பிள்ளையின் சாப்பாட்டை மட்டும் அங்கே எடுக்கச் சொல்கிறார்கள்” என்றாள். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பழைய ஒரு மைல் மட்டும் அவர்கள் பின்னாலேயே போயிருக்கிறது!

நேரம் நஷ்டமாகும் என்று முதலாளிமார் சொல்வார்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் நெஞ்சுச் சளியும் குறைவு. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, தாய் எத்தனை நாள் வேலைக்கு வராமல் போகிறாள் என்ற கணக்கையும் அவர்கள் போட்டுப் பார்க்கட்டும். கணக்கு எழுதிய கை சொல்கிறது: ஒரு மணி நேரம் பெரிய நஷ்டம் இல்லை.

ஆண்பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் பால் கொடுக்கும் நேரத்தில் சோற்றுப் பானையை நீங்கள் இறக்குங்கள். துணி துவையுங்கள். வேலை இடத்தில் அவள் பால் எடுக்க ஒதுங்கும்போது கேலி பேசுகிறவனை அதட்டுங்கள். இதற்குக் கூட்டு ஒப்பந்தம் தேவையில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பிள்ளை அழுதுவிட்டது. கேட்டு வாங்கவேண்டியவர்கள் இனி நாம். அந்த அம்மாளின் கணக்கைத் திருத்தி எழுத எனக்கு இனி வழியில்லை. அடுத்த தாயின் கணக்கையாவது நேராக எழுதவைப்போம், வாருங்கள்!