ஆறு திரும்பி ஓடும் ஊர்

கம்போடியாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். சியம் ரீப் நகரிலிருந்து சற்றுத் தூரம் போனால் தோன்லே சாப் ஏரியும், அதன் ஓரத்தில் கம்போங் புளுக் என்ற மீனவர் கிராமமும் இருக்கின்றன. பெயருக்குப் பொருள், யானைத் தந்தத் துறை. இப்போது அங்கே தந்தமும் இல்லை, யானையும் இல்லை. மீனும் கூனி இறாலும்தான்.

வீடுகளெல்லாம் நெடிய மரக்கால்கள்மேல் நிற்கின்றன. கோடையில் ஏணி வைத்து ஏற வேண்டும். மழைக்காலம் முடியும்போது படகை வாசலிலேயே கட்டிவிடலாம். ஆண்டுதோறும் மெக்கோங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வரும் ஆற்றை அது எதிர்த்துத் தள்ளுகிறது. ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடுகிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகக் கிடக்கும் ஏரி, நல்ல ஆண்டில் 15,000 வரை விரியும். சிங்கப்பூரைப்போல் இருபது மடங்கு!

கரையோரக் காடு மூழ்கினால்தான் மீன்குஞ்சுகளுக்குத் தீனியும் மறைவிடமும் கிடைக்கும். நவம்பர் வாக்கில் நீர் வடியத் தொடங்கியதும் மீன் கூட்டங்கூட்டமாக ஆற்றில் இறங்கும். உள்நாட்டு விவசாயிகள் அரிசியைக் கொண்டுவந்து, பொடிமீனை வாங்கிப்போய், ‘புரஹோக்’ போடுவார்கள். நம் பிளாச்சானுக்குச் சொந்தக்காரன், ஆனால் மீனில் செய்வது. அந்தப் பொடிமீனுக்கும் கம்போடியப் பணத்துக்கும் ஒரே பெயர்: ரியல்.

பணம் என்றதும் கடன் வருகிறது. வலை, இயந்திரம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குபவர்கள் இந்த ஏரியில் ஏராளம். பிடித்ததை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். வட்டி தனியாக இல்லாவிட்டாலும் விலைக்குள் அது ஒளிந்திருக்கும். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாழ்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை. அடகு வைக்க நிலப்பத்திரம் இல்லாதவர் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேறு எந்தக் கதவைத் தட்டுவார்?

2012இல் அரசு பெரிய குத்தகைதாரர்களின் மீன்பிடிப் பகுதிகளை ரத்து செய்தது. சிறு மீனவருக்கு அது நியாயம்தான். ஆனால் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் திருட்டுக் கூட்டம் ஓயவில்லை. 2019இலும் 2020இலும் ஆறு திரும்புவதே தாமதமானது. வறட்சி ஒரு காரணம், மேலே சீனாவிலும் லாவோசிலும் கட்டிய அணைகள் இன்னொன்று. அணை கட்டுபவர்களின் கணக்கில் மின்சாரத்துக்கு விலை இருக்கிறது. மூழ்காமல் போன காட்டுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் கோபம். முன்பணம் வாங்கியவருக்கோ, தண்ணீர் வராத ஆண்டிலும் தவணை தவறாமல் வரும்.

போவதானால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் போங்கள். மூழ்கிய மரங்களுக்கிடையே சிறு தோணியில் கூட்டிப்போகும் பெண்கள் அந்த ஊர்க்காரர்கள். கையில் சில்லறை ரியல் வைத்துக்கொள்ளுங்கள்.