விலக்கில் கழியும் நாற்பது ஆண்டுகள்

மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரை தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய இரவே, வெளியூர்களில் பெயின்ட் அடிக்கப் போன ஆண்கள் பஸ் பிடித்து முகாமுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். காலையில் அதிகாரி பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு குடும்பமும் அட்டையோடு முன்னால் போய் நிற்கும். தாத்தா நிற்பார், மகன் நிற்பார், பள்ளிச் சீருடையில் பேத்தியும் நிற்பாள். தாத்தா 1990இல் மன்னார்க் கரையிலிருந்து படகேறியவராக இருப்பார். மகனுக்கு இலங்கை மங்கலாகத்தான் நினைவிருக்கும். பேத்தி பிறந்ததே இங்கேதான். ஏட்டில் மூவருக்கும் ஒரே அடையாளம்: அகதி.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் இவர்களுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது இந்தத் தண்டனை பாயாது என்பதே அறிவிப்பின் சாரம்.

இது நல்ல செய்தி. எந்த நேரத்தில் யார் வந்து கேட்பார்களோ என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்று சொல்லும்போதே, நீங்கள் செய்தது குற்றம் என்பதும் அதற்குள் இருக்கிறது. குண்டுக்குத் தப்பிக் கடல் தாண்டியது குற்றமா? ஏற்றுக்கொண்ட நாட்டில் நாற்பது ஆண்டு உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தது குற்றமா?

சிக்கலின் வேர் 2003இல் இருக்கிறது. அந்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆவணமின்றி வந்த எல்லோரும் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ ஆனார்கள். அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் பதிவின் மூலமோ இயல்புரிமையாகவோ குடியுரிமை கேட்க முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இயற்றவில்லை. ஆகவே தஞ்சம் கேட்டு வருபவர்களின் வாழ்க்கை, அவ்வப்போது வெளியாகும் விலக்கு ஆணைகளை நம்பியே ஓடுகிறது.

விலக்கு குடியுரிமை வரை போனதற்கு முன்மாதிரி நம் சட்டத்திலேயே உண்டு. 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்குப் பாஸ்போர்ட் விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. பிறகு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த விலக்கைப் பெற்றவர்கள் இனி சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று எழுதினார்கள். இயல்புரிமைக்கு மற்றவர்கள் இந்தியாவில் 11 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். இவர்களுக்கு அது 5 ஆண்டாகக் குறைந்தது. அதாவது முதற்படி விலக்கு, இரண்டாம் படி குடியுரிமை. இலங்கைத் தமிழர்களுக்கு முதற்படியே 2025இல்தான் கிடைத்திருக்கிறது. இரண்டாம் படி அந்த ஆணையில் இல்லை. 2019 திருத்தத்தில் இலங்கை இடம்பெறவே இல்லை; அந்தத் திருத்தத்தை மாநிலங்களவையில் நிறைவேற்றக் கைகொடுத்தவர்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்களும் இருந்தார்கள்.

ஒரு தேதி ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படிப் புரட்டுகிறது என்பதற்கு ஒரு பெண்ணின் வழக்கைச் சொல்லலாம். அவர் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம். 2022 ஆகஸ்டில் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில், அதே பெற்றோருக்கு 1988இல் ஒரு தம்பி பிறந்திருந்தால் அவர் இன்றும் அந்நியர்தான். அக்காவுக்குத் தேசம் உண்டு, தம்பிக்கு இல்லை.

இலங்கைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் கதை இன்னும் பழையது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்களில் பலர் இன்றும் முகாம் அட்டையோடு வாழ்கிறார்கள். இவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவர்களது குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

இப்போதைய விலக்கிலும் ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது. 2015 ஜனவரி 9, மைத்திரிபால சிறிசேன இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள். அன்றோடு அங்கே ஆபத்து நீங்கிவிட்டது என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இந்த ஆணைக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஊருக்கே திரும்பிப் போகலாமே என்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிப் போன ஒரு முதியவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் முறையான அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியதே குற்றச்சாட்டு. வந்த இடத்திலும் குற்றம், திரும்பிய இடத்திலும் குற்றம் என்றால் அவர் எங்கேதான் போவார்?

வேறொரு நாடு இதற்கு வைத்திருக்கும் வழியைப் பாருங்கள். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மற்ற விதிகளுக்குள் அடங்காத ஒருவரையும் மனிதாபிமானமும் கருணையும் கருதி நிரந்தரமாக ஏற்க அது வழிவிடுகிறது. 2010இல், 17 வயதில், இலங்கையிலிருந்து தனியாக வந்த ஒரு தமிழ்ச் சிறுவனுக்கு அகதி நிலை மறுக்கப்பட்டது. இந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பித்தபோதும் மறுப்புதான். 2015 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. துன்பங்களைத் துண்டு துண்டாக எடைபோடாதீர்கள், அவன் வயது, மனக்காயம், நலன் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றது. எல்லோருக்கும் அங்கே கதவு திறந்துவிடுவதில்லை. ஆனாலும் ஒரு தனிமனிதர் தன் வாழ்க்கையை எடுத்துச் சொல்லிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் முகாம்வாசிக்கு அந்த இடம்கூட இல்லை.

தமிழ்நாடு அரசு 2021இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகளை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தியது. எல்லாம் வரவேற்க வேண்டியவை. குடியுரிமை மட்டும் டெல்லியின் கையில் இருக்கிறது. 2025 ஆணையால் விலக்கு பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் குடியுரிமை வழங்க வேண்டும். 2015க்குப் பின் வந்தவர்களையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேரும் கட்சி பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும். அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு நாளன்று, தங்கள் தொகுதிக்குப் பக்கத்திலுள்ள முகாமுக்கு ஒருமுறை போய்வரட்டும்.