வடாலாவுக்கு வா என்றால் எங்கே வருவது?

வடாலாவில் குடியிருப்பவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். ஊரிலிருந்து வருகிறவரிடம் "வடாலாவுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிடுவோம். ஹார்பர் லைனில் இறங்கினால் வடாலா ரோடு. 2014-ல் மோனோரெயில் வந்ததும் வடாலா டெப்போ என்று இன்னொன்று சேர்ந்தது. கிழக்கா, மேற்கா, ஆன்டாப் ஹில் பக்கமா... மனுஷன் பெட்டியும் கையுமாக நின்று போன் பண்ணுவார். விங், மாடி, கதவு நம்பர் வரை சொன்னால்தான் வீடு வந்து சேருவார்.

இதே தப்பைத்தான் என் மகளுக்கு நான் செய்துகொண்டிருந்தேன். ரயில்வே ஸ்டேஷனில் இல்லை, தமிழ் விக்கிபீடியாவில்.

அவள் ஏழாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். இந்தியும் மராத்தியும் தண்ணி பட்ட பாடு. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். (மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. அங்கே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள்.) தாய்மொழி இலக்கியம் ஒன்றைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் பெருமையாக சிலப்பதிகாரம் பக்கத்தை அவளுக்கு அனுப்பினேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. "இவ்ளோவாப்பா?" அவ்வளவுதான், ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவிவிட்டாள்.

மறுநாள் காண்டங்களைப் பற்றிச் சொல்லும் பகுதிக்கு மட்டும் இணைப்பு கொடுத்தேன். மூன்று காண்டம், முப்பது காதை. திறந்ததும் அந்த வரிகளே கண் முன்னால் நின்றன. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "புகார்னா கம்ப்ளெயின்ட் தானேப்பா? கண்ணகி கம்ப்ளெயின்ட் பண்ணதாலயா புகார்க் காண்டம்?" சிரித்து முடிக்க எனக்கு நேரமானது. பூம்புகார் என்ற ஊரைப் பற்றி அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். ஆங்கிலப் பக்கத்தில் இந்தக் கேள்வி பிறந்திருக்குமா?

ஆகவே என் கட்சி இதுதான்: தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முழுப்பக்கத்தை அனுப்புவது விரட்டியடிப்பதற்குச் சமம். பகுதியை அனுப்புங்கள்.

செய்வது சுலபம். விக்கியில் ஒவ்வொரு உள்தலைப்பும் ஒரு முகவரிதான். பக்கத்தின் பெயர், பிறகு # குறி, பிறகு அந்தத் தலைப்பு. கணினியில் பொருளடக்கத்தில் தலைப்பைச் சொடுக்கினால் முகவரிப் பட்டையில் தானே வந்து உட்காரும். ஒரே தலைப்பு இரண்டு முறை இருந்தால் இரண்டாவதின் வாலில் _2 சேரும்.

சிக்கல், நம் எழுத்தில். அப்படி நகலெடுத்த ஒன்றை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், எங்கள் ஊர்ப் பக்கத்தின் வரலாற்றுப் பகுதி. பத்து நிமிடத்தில் போன். "எய்யா, என் போன்ல வைரஸ் எதுவும் வந்துட்டா? நீ அனுப்புனதுல பூச்சி பூச்சியால்லா கெடக்கு!" அம்மா மேல் தப்பில்லை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் % போட்டு மூன்று எழுத்தாகிவிடும். வடாலா என்ற சொல்லுக்கு 45 எழுத்து, சிலப்பதிகாரத்துக்கு 117. அப்புறம் தலைப்பு வேறு! விக்கிமீடியாவே 2019-ல் ஒரு முகவரிச் சுருக்கி கொண்டுவந்தது. இப்போது அதில் சுருக்கித்தான் அம்மாவுக்கு அனுப்புகிறேன்.

2017-க்கு முன்னால் இன்னும் மோசம். விக்கிக்கு உள்ளேயே தலைப்பின் முகவரி புள்ளியும் எண்ணுமாகத்தான் இருந்தது. அந்த வருடம்தான் தமிழ் எழுத்திலேயே இருக்கும்படி மாற்றினார்கள். அப்படி மாற்றியபோதும் பழைய வடிவ முகவரிகள் உடையாமல் வேலை செய்யும்படி வைத்தார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு இருந்ததா என்றால், இல்லை.

கை அரிப்பில் ஒரு கட்டுரையில் "வரலாறு" என்ற தலைப்பை "பெயரும் வரலாறும்" என்று 'அழகாக' மாற்றினேன். சில மாதம் கழித்து, அதே பகுதிக்கு அக்கா மகனுக்கு நான் அனுப்பியிருந்த பழைய இணைப்பைத் தொட்டால் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. அதுதான் இதில் மோசம். பக்கமே காணாமல் போனால் தெரியும், தலைப்பு காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. பையன் "மாமா தப்பா அனுப்பிட்டாங்க" என்று மூடிவிட்டான். எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் அதற்கு இணைப்பு கொடுத்திருந்தார்களோ.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பெயரை அங்கேயே ஒரு நங்கூரமாக விட்டுவையுங்கள். அதைவிட நல்லது, அடிக்கடி இணைக்கப்படும் பகுதிக்கு ஒரு வழிமாற்றுப் பக்கம். எல்லாரும் வழிமாற்றுக்கு இணைப்பு கொடுத்தால், தலைப்பு மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

தலைப்பைக் கையால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒன்று. ஔவையார் என்பதில் வருவது ஔ என்ற ஒரே எழுத்து. ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் போட்டு ஒளவையார் என்றாலும் கண்ணுக்கு அதேதான், ஆனால் கணினிக்கு வேறு. ஸ்ரீ-யிலும் இந்தக் கூத்து உண்டு. ஸ போட்டதும் ஶ போட்டதும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், இணைப்பு மட்டும் போகாது. அதனால் நகலெடுத்தே ஒட்டுங்கள்.

2020-ல் குரோமில் வந்த வசதியால், தலைப்பே இல்லாமல் ஒரு வாக்கியத்துக்கும் இணைப்பு கொடுக்கலாம். ஆனால் விக்கியில் வாக்கியம் தலைப்பைவிடச் சீக்கிரம் மாறும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சுருக்கிய இணைப்பை அம்மா திறந்துவிட்டாள். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டாள், "கோயில் கொடையப் பத்தி யாரும் எழுதலியாய்யா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் எழுத வேண்டும். அம்மா போனில் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. தலைப்பு "கோயில் கொடை", அதில் இனி நான் கை வைப்பதாக இல்லை :-)