கியர்பொக்ஸ் போய்விட்டதா, புஷ் போய்விட்டதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய மனுவல் கார் வைத்திருக்கும் ஆசிரிய நண்பர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

தெஹியோவிட்டையிலிருந்து தெரணியகலைப் பக்கம் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒரே காரில் போய்வருகிறோம். 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. கார் ஒரு பழைய மாருதி 800. நாலு கியர், ஏசி இல்லை, மழைக்குக் கதவோரம் ஒழுகும்.

போன தவணையில் ஒரு நாள் பாடசாலை விட்டு மழையில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போட்டால், விழவில்லை. திரும்ப மூன்றுக்குப் போட்டாலும் விழவில்லை. கஞ்சிச் சட்டிக்குள் அகப்பை ஆடுவதுபோல் லீவர் ஆடுகிறது. இறக்கத்தில் கார் நியூட்ரலில் ஓடுகிறது, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. பிரேக்கை மட்டும் நம்பி ஒருவாறு ஓரம் கட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிகளில் மூன்று வீட்டுப் பிள்ளைகளின் முகமும் கண்ணில் வந்து போனது.

அடுத்த நாள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். காருக்கு அடியில் பார்க்காமலே, "கியர்பொக்ஸ் இறக்க வேணும் சேர்" என்றார்கள். சொன்ன தொகை எங்களில் ஒருவருடைய மாதச் சம்பளத்தை விட அதிகம். மனம் கேட்காமல் இன்னொரு வயதான பாஸிடம் காட்டினோம். அவர் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்து, "பொக்ஸில ஒண்டுமில்ல சேர், புஷ் போயிட்டு" என்றார். ஒரு தடவை பெற்றோல் அடிக்கிற காசை விடக் குறைவில் வேலை முடிந்தது.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பிழை எங்களுடையது. அந்த லீவர் பல மாதமாகவே எங்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது. "பழைய கார்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

நாம் கையில் பிடிக்கும் லீவர் நேரே கியர்பொக்ஸுக்குள் போவதில்லை. மாருதி 800 போன்ற கார்களில் லீவருக்குக் கீழே கம்பிகள் போகின்றன. பிந்திய கார்கள் பலவற்றில் கம்பிக்குப் பதில் கேபிள். அவை பொருந்தும் இடங்களில் இறப்பரிலோ நைலோனிலோ சின்னச் சின்ன புஷ்கள் இருக்கும். நம் பக்கத்து மழை, சேறு, குழி எல்லாவற்றையும் வாங்குவது அவைதான். ஒரு புஷ்ஷில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலும் லீவரின் மேல் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். நெம்புகோல் பாடத்தை வகுப்பில் படிப்பிக்கும் நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கராஜுக்குப் போக முன் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியவை இவை.

ஒன்று. சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை நிறுத்திய நிலையில் கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது இலகுவாக விழுந்து, ஓடும்போது இறுகினால் பெரும்பாலும் கிளச் முழுதாகப் பிரியவில்லை. இரண்டு நிலையிலும் இறுகினாலோ ஆடினாலோ கம்பி, கேபிள், புஷ் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனை தெரிந்தவரிடம் யாரும் கண்ணை மூடிக்கொண்டு "பொக்ஸ் இறக்க வேணும்" என்று சொல்ல முடியாது.

இரண்டு. கிளச் பெடலுக்கு அடியில் காலடிக் கார்ப்பட் மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் காரில் அதுவும் இருந்தது. பெடல் அடிவரை போகாவிட்டால் கிளச் பிரியாது. கேபிள் கிளச் என்றால் அதன் நுனியில் உள்ள நட்டைத் திருப்பி விளையாட்டு அளவைச் சரிசெய்யலாம். காரோடு வந்த புத்தகத்தில் அளவு இருக்கும். விளையாட்டு கூடினால் கியர் உரசும், குறைந்தால் கிளச் வழுக்கித் தேயும்.

மூன்று. லீவரின் கீழ் உள்ள தோல் உறையைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கிரீஸும் மண்ணும் சேர்ந்து களியாகி இருக்கும். துடைத்துப் புதுக் கிரீஸ் வையுங்கள். இறப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கன் கிரீஸ் நல்லது, சாதாரண கிரீஸில் சில இறப்பர்கள் ஊதிப்போகும். ஸ்பிரே ஒயில் மட்டும் அடித்தால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

நான்கு. கியர் ஒயில். எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றும் நாம் இதை மறந்தே போகிறோம். புத்தகம் ஜீஎல்-4 என்று சொன்னால் ஜீஎல்-4தான். "ஐந்து கூடினதுதானே" என்று ஜீஎல்-5 ஊற்றக்கூடாது. கியர் மாற்றும்போது இரண்டு வேகங்களையும் ஒன்றாக்குவது சின்க்ரோ வளையம். அது வேலை செய்வதே உராய்வால்தான். அளவுக்கு மிஞ்சிய வழுக்கல் அதற்கு எதிரி. ஜீஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை வளையங்களை அரிக்கவும் கூடும். வெள்ளத்தில் சில்லு மூழ்க ஓடியிருந்தால் ஒயிலைக் கட்டாயம் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

இவற்றோடு இரண்டு பழக்கங்களையும் விட வேண்டும். ஓடும்போது லீவரில் கை வைத்திருப்பது, கிளச்சில் கால் வைத்திருப்பது. இரண்டும் உள்ளே மெதுவாகத் தேய்க்கும். ரிவர்ஸ் போடும்போது கிளச்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ இல்லை.

"ஆசிரியருக்கு இந்த வேலை எதற்கு? பாஸ்மாரின் பிழைப்பில் ஏன் கை வைக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். எங்கள் பதில் இதுதான். நல்ல பாஸின் வேலையை நாங்கள் எடுக்கவில்லை. சின்க்ரோ தேய்ந்தால், கிளச் பிளேட் முடிந்தால் அவரிடம்தான் போக வேண்டும். கம்பியின் அடிப் பக்க புஷ் மாற்றவும் அவரிடமே போங்கள். ஜெக் ஒன்றை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகாதீர்கள். ஒரு புஷ்ஷுக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம். ஆனால் எங்கே பிழை என்று நமக்கே தெரிந்து போனால், நேர்மையான பாஸுக்கு வேலை இலகு, மற்றவருக்கு வாய் திறக்க இடமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது. இருக்கிற காரோடுதான் இன்னும் பல வருடம் ஓட வேண்டும். பளபளக்கும் புது நொப் வாங்கி மாட்டுவதால் கியர் சரியாக விழாது. அதற்குக் கீழே இருக்கும் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் பொருளும் ஓர் அமானிதம். வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அரை மணி நேரம் கையில் கிரீஸ் பிடிப்பதற்கு வெட்கப்பட்டு ஒரு மாதச் சம்பளத்தை இழப்பதும் வீண்விரயம்தான்.

இந்தச் சனிக்கிழமை மழை விட்டால், இன்ஷா அல்லாஹ், முதலாவது சோதனையை மட்டுமாவது செய்து பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் மலை இறங்கி வரும் ஒருவருக்கு அது பயன்படும்.